கூப்பிட்டுக்கொள்வது

எங்கள் புதுவையில் ‘கூப்பிட்டுக்கொள்வது’ என்ற சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை விமானம் ஏறிய மறுநாளிலிருந்து பெண்ணைப் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கும் கேள்வி, “அவரு எப்பக் கூப்பிட்டுக்கிறாராம்?” என்பதுதான். பால்காரர் கேட்பார், கோயிலில் பூக்கட்டும் அம்மாள் கேட்பார். எங்கே, எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கே என்றால் பிரான்ஸ். எதற்கு என்றால் குடித்தனம் நடத்த.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சட்ட வரலாறு இருக்கிறது. அது நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கே முழுதாகத் தெரியாது. சிலருக்கு மூன்று மாதத்தில் காகிதம் வந்தது, சிலர் மூன்று வருஷம் காத்திருந்தார்கள். “எல்லாம் அவங்கவங்க தலையெழுத்து” என்று சொல்லி முடித்துக்கொண்டோம். தலையெழுத்து பாதி, பாரிசில் அந்தந்த வருஷம் எழுதப்பட்ட சட்டம் பாதி. பிரெஞ்சுவழியில் படித்தவன் என்பதால் தெருவில் யாருக்குப் பிரெஞ்சுக் காகிதம் வந்தாலும் அலுவலகம் விட்டு வந்தபின் என்னிடம் கொண்டுவருவார்கள். அப்படிப் படித்துக் காட்டியதில் சேர்ந்த அறிவுதான் இது.

முதலில் நசியோனாலித்தே விவகாரம். 1954 நவம்பர் 1ஆம் தேதி புதுவையின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படியான கைமாற்றம் அன்றைக்கு நடக்கவில்லை. ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தாகி, பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்று, 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடையில் அல்ஜீரியப் போர் நடந்துகொண்டிருந்தது. அது முடிந்தபிறகே இந்தக் கோப்பு நகர்ந்தது. அந்த ஒப்பந்தப்படி, இங்கே பிறந்து இங்கேயே வசித்துவந்த பிரெஞ்சுப் பிரஜைகள் எல்லோரும் இந்தியப் பிரஜைகள் ஆனார்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதாவது 1963 பிப்ரவரி மத்திவரை. இதைத்தான் நம்மவர்கள் ‘ஒப்சியோன் கொடுப்பது’ என்றார்கள். ஏறக்குறைய 5000 பேர் கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில் சைகோனிலோ பிரான்சிலோ இருந்த நம்மூர்க்காரர்கள் எதுவும் எழுதித்தர வேண்டியதில்லை. அவர்கள் தாமாகவே பிரெஞ்சுக்காரராக நீடித்தார்கள்.

தகப்பனார் எடுத்த முடிவு பதினெட்டு வயதுக்கு உட்பட்ட மணமாகாத பிள்ளைகளையும் கட்டியது. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொல்லப்போவது முழுவதும் அதிலிருந்து வருகிறது.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் அண்ணன் தம்பி இருவர் ஒரே வீட்டில் இருந்தார்கள். நடுவில் ஒரு முற்றம், இரண்டு அடுப்பு. அண்ணன் இந்தோசீனாவில் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர், ஊர் வழக்கில் சொல்தா. அவர் ஒப்சியோன் கொடுத்தார். தம்பி பஞ்சாலைத் தொழிலாளி. பிரெஞ்சுக்காரன் என்று எழுதிக்கொடுத்தால் ஆலையில் வேலை போய்விடுமோ, ஊரைவிட்டே அனுப்பிவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். அப்படிப் பல வதந்திகள் அப்போது உலவின. அவர் கொடுக்கவில்லை. அண்ணன் மகனுக்கு அன்று வயது பதினான்கு, தம்பி மகனுக்குப் பன்னிரண்டு. ஒரே முற்றத்தில் கோலி விளையாடிக்கொண்டிருந்த இருவரில் ஒருவன் பிரெஞ்சுக்காரன், ஒருவன் இந்தியன். அவர்களுக்கே அது தெரிந்திருக்காது.

அண்ணன் மகன் வயது வந்ததும் அப்பாவைப்போலப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தான். 1971இல் விடுப்பில் வந்து கல்யாணம் செய்துகொண்டான். பெண் விழுப்புரம் பக்கம், ஒரு பிரெஞ்சுச் சொல்கூடத் தெரியாது. ஆனால் 1945ஆம் வருஷத்துப் பிரெஞ்சுப் பிரஜா உரிமைச் சட்டப்படி, பிரெஞ்சுக்காரரை மணக்கும் அந்நியநாட்டுப் பெண் மணமான அந்தக் கணத்திலேயே பிரெஞ்சுக்காரி ஆகிவிடுவாள். விண்ணப்பம் போட வேண்டாம், காத்திருக்க வேண்டாம். (அதற்கு முன்பு 1927ஆம் வருஷத்துச் சட்டம், பெண் தானே கேட்டால்தான் உண்டு என்று வைத்திருந்தது. அதற்கும் முன்பு கணவனின் நாடே மனைவியின் நாடு. சட்டம் ஊஞ்சல்போல ஆடியிருக்கிறது.) அந்தப் பெண்ணுக்கு நடந்ததெல்லாம் கல்யாணத்தைப் பதிவுசெய்து, குடும்ப ஏடாகிய லிவ்ரே தெ ஃபாமிய் வாங்கி, பாஸ்போர்ட் எடுத்ததுதான். பிரெஞ்சு பாஸ்போர்ட் கையில் இருப்பவளுக்குப் பிரான்சுக்குள் போக விசா எதற்கு? சில மாதங்களில் போய்ச் சேர்ந்தாள்.

இந்தச் சலுகை 1973 ஜனவரி 9ஆம் தேதிச் சட்டத்தோடு முடிந்தது. அதன்பிறகு மணமானது மட்டும் போதாது, மனைவி தனியே பிரகடனம் கொடுக்க வேண்டும் என்றானது. அதே சட்டம் இன்னொரு காரியமும் செய்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி. அதுவரை பிரெஞ்சுக்காரியை மணந்த நம்மூர்ப் பையனுக்கு மண உறவால் எதுவும் கிடைக்காது. 1973க்குப் பிறகு அவனும் பிரகடனம் கொடுக்கலாம். இதன் விளைவை நான் கண்ணால் பார்த்தேன். அதுவரை ‘சொல்தா மாப்பிள்ளை’க்குத்தான் கிராக்கி. பிறகு ‘நசியோனாலித்தே உள்ள பெண்’ணுக்கும் கிராக்கி வந்துவிட்டது. கறுப்பு, குட்டை, ஜாதகப் பொருத்தமில்லை என்று தட்டிக்கழிக்கப்பட்ட பெண்களைத் தேடி வெளியூரிலிருந்தெல்லாம் வரன் வந்தது. இதைச் சமத்துவம் என்பதா, சந்தை என்பதா, நீங்களே சொல்லுங்கள்.

பிரகடனத்துக்கு முன் காத்திருக்க வேண்டிய காலமும் படிப்படியாக நீண்டது. 1984இல் ஆறு மாதம், 1993இல் இரண்டு வருஷம், 1998இல் ஒன்று, 2003இல் மறுபடி இரண்டு, 2006இல் நான்கு. ஆட்சி மாறும்போதெல்லாம் மாறியது என்று சொன்னால் போதும்.

இனி தம்பி மகன். அவன் கதைதான் எனக்கு முக்கியம்.

அவனும் 1971இல் பிரான்சுக்குப் போனான், இந்தியப் பாஸ்போர்ட்டில். போய்ப் பெரியப்பா மகனோடு தங்கி, வேலை தேடிக்கொண்டு, பிறகு காகிதத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டான். அந்நாளில் அப்படி நடந்தது. தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டதால் அரசாங்கம் கண்டும் காணாமல் இருந்தது. 1972 சுற்றறிக்கைகள் அந்தக் கதவைப் பாதி சாத்தின. எண்ணெய் விலை ஏறிய பிறகு, 1974 ஜூலையில் வெளிநாட்டுத் தொழிலாளர் வருகையையே நிறுத்திவிட்டார்கள். அதே மாதம் அவர்களுடைய குடும்பங்கள் வருவதையும் நிறுத்தினார்கள். மறுவருஷமே குடும்பத் தடை தளர்ந்தது. 1976 ஏப்ரல் 29இல் ஓர் ஆணை வந்தது. முறைப்படி வசிக்கும் வெளிநாட்டவர், ஒரு வருஷம் இருந்து, நிலையான வருமானமும் தகுந்த வீடும் வைத்திருந்தால் மனைவி மக்களைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். பிரெஞ்சில் இதற்கு ‘ரெகுரூப்மான் ஃபமிலியால்’ என்று பெயர், குடும்பம் ஒன்றுசேர்வது.

பாருங்கள், பிரெஞ்சுக்காரனின் மனைவி ஒரு வழியில் போகிறாள். அங்கே குடியிருப்பு உரிமை மட்டும் பெற்ற அந்நியநாட்டவனின் மனைவி வேறு வழியில் போக வேண்டும். ஒரே முற்றத்து இரண்டு மருமகள்கள்.

தம்பி மகனுக்கு 1977 கோடையில் இங்கே கல்யாணம் நடந்தது. பெண் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, தட்டச்சில் ஹையர் முடித்தவள். கணவன் ஆறு வாரத்தில் திரும்பிப்போய் மனுப்போட ஏற்பாடு செய்துகொண்டிருக்கும்போதே, நவம்பர் 10ஆம் தேதி புதிய ஆணை ஒன்று வந்தது. 1976 ஆணை மூன்று வருஷத்துக்கு நிறுத்திவைக்கப்படுகிறது. வேலைவாய்ப்புக் கேட்காத குடும்பத்தினருக்கு மட்டும் அது பொருந்தும். அதாவது மனைவி வரலாம், ஆனால் வேலை கேட்கக் கூடாது. பிரான்சில் வேலையில்லாத் திண்டாட்டம் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. ழிஸ்கார் தெஸ்தேன் குடியரசுத் தலைவர், ரேமோன் பார் பிரதமர்.

கணவன் வான்கடிதத்தில் இதை எழுதியிருந்தான். கூடவே அங்கே கொடுத்த அச்சுத்தாளையும் மடித்து அனுப்பியிருந்தான். அந்தப் பெண் மாமனாரோடு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள்.

“அண்ணே, அவரு எழுதினது புரியுது. இந்தத் தாளுல இருக்கறத அப்படியே ஒரு வார்த்த விடாம சொல்லுங்கண்ணே” என்றாள்.

சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அவரு சம்பளத்துல அந்த ஊரு வாடகையும் குடுத்து, இங்க இவங்களுக்கும் அனுப்பணும். நாத்தனாரு கல்யாணம் இருக்கு. நான் வேலைக்குப் போகமாட்டேன்னு இப்பவே ஒத்துக்கிட்டா எப்படிண்ணே?” என்றாள்.

மாமனாருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. “ஒத்துக்கிட்டுப் போம்மா. போன பொறவு யாரு வந்து பாக்கப் போறா?”

“காயிதத்துல எழுதினது காயிதந்தானே மாமா. பொய் எழுதிக் குடுத்துட்டு அவரு வேலைக்கு ஆபத்து வந்தா?” என்று கேட்டாள். மாமனாரிடம் பதில் இல்லை.

ஒரு பெண் அந்தக் காலத்தில் மாமனார் எதிரே இப்படிப் பேசியது தெருவுக்குப் பிடிக்கவில்லை. புருஷனிடம் போக மனமில்லாதவள் என்றுகூடப் பேச்சு எழுந்தது. அவள் ஒரு பட்டறையில் தட்டச்சு வேலைக்குப் போய்க்கொண்டு காத்திருந்தாள். பால்காரர் கேட்டார், பூக்கார அம்மாள் கேட்டார். பெரியப்பா மருமகள் ஒருமுறை விடுமுறைக்கு வந்து கைப்பை, வாசனைத் திரவியமெல்லாம் காட்டிவிட்டுப் போனாள். இவள் முற்றத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தெரியாமல் அவள் வழக்கு வேறெங்கோ நடந்துகொண்டிருந்தது. பாரிசில் கொன்செய் தேத்தா என்று ஒரு மன்றம் இருக்கிறது. அரசாங்கத்தின் ஆணைகளை எதிர்த்து வழக்காடும் உச்ச இடம் அது. அங்கே ழிஸ்தி என்ற அமைப்பும், செ.எஃப்.தே.தே., செ.ழே.தே. என்ற இரண்டு பெரிய தொழிற்சங்கங்களும் அந்த ஆணையை எதிர்த்து மனுப்போட்டிருந்தன. ழிஸ்தி 1972இல் தொடங்கியது, குடியேறிய தொழிலாளர்களுக்குச் சட்ட விவரம் சொல்லி உதவும் சின்ன அமைப்பு. 1978 டிசம்பர் 8ஆம் தேதி மன்றம் அந்த ஆணையை ரத்துசெய்தது.

தீர்ப்பின் சாரம் இது. 1946ஆம் வருஷத்து அரசியல் சாசனத்தின் முகவுரை, குடும்பம் வளர வேண்டிய சூழலை நாடு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. 1958 சாசனம் அந்த முகவுரையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே முறைப்படி வசிக்கும் வெளிநாட்டவருக்கும், சொந்த நாட்டவரைப்போலவே, இயல்பான குடும்ப வாழ்க்கை வாழும் உரிமை உண்டு. மனைவியையும் சிறுவயதுப் பிள்ளைகளையும் வரவழைத்துக்கொள்வது அந்த உரிமையில் அடக்கம். பொது ஒழுங்கைக் காக்கவோ, வெளிநாட்டவரையும் குடும்பத்தையும் காக்கவோ அரசாங்கம் நிபந்தனை போடலாம். ஆனால் வந்தவர்கள் வேலையே தேடக்கூடாது என்று பொத்தாம்பொதுவாகத் தடுக்க அதிகாரமில்லை.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் அரசாணைகளைக் கட்டுக்கட்டாகப் படித்தவன். ஓர் அரசாணையில் உள்ள ஒரு வாசகம் எத்தனை வீட்டு அடுப்பைத் தொடுகிறது என்பது எழுதுகிறவனுக்குத் தெரியவே தெரியாது. அந்தத் தீர்ப்பைப் பல வருஷம் கழித்துத்தான் முழுதாகப் படித்தேன். திண்ணையில் அந்தப் பெண் கேட்ட கேள்வியும் அந்த நீதிபதிகள் சொன்ன பதிலும் ஒன்றுக்கொன்று எழுதினதுபோல இருந்தன.

அவள் 1979 இறுதியில் புறப்பட்டாள். கல்யாணமாகி இரண்டு வருஷத்துக்கு மேல். போன சில மாதங்களில் வேலைக்கும் போய்விட்டாள் என்று மாமனாரே பெருமையாகச் சொன்னார். நாத்தனார் கல்யாணத்துக்குப் பணம் வந்தது.

அதன்பின் வந்த மாறுதல்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1984 ஜூலை 17ஆம் தேதிச் சட்டம் பத்து வருஷக் குடியிருப்பு அட்டையைக் கொண்டுவந்தது. நாம் இப்போது ‘பத்து வருஷ கார்த்’ என்கிறோமே, அதுதான். நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய சட்டம் என்றால் இன்றைக்கு நம்ப முடியாது. 1993இல் பஸ்க்குவா உள்துறை அமைச்சராக இருந்தபோது வந்த சட்டம், கூப்பிடுமுன் இரண்டு வருஷம் வசித்திருக்க வேண்டும் என்றது. 1998இல் ஒரு வருஷமாக்கினார்கள், 2006இல் பதினெட்டு மாதம். 2003வரை, பத்து வருஷ அட்டை உள்ளவரிடம் போகும் மனைவிக்கும் அதே அட்டை கிடைத்தது. அதன்பிறகு அவளுக்கு முதலில் ஒரு வருஷ அட்டைதான். இடையில் மணமுறிவு வந்தால் அந்த அட்டையைப் புதுப்பிக்க மறுக்கலாம். கணவன் கைநீட்டி அடித்து அதனால் பிரிந்திருந்தால் மறுக்கக் கூடாது என்று பிற்பாடு பாதுகாப்பு சேர்த்தார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் முன் தகப்பன்மார் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கும் மாப்பிள்ளை இரண்டாவது மனைவியைக் கூப்பிட்டுக்கொள்ளவும் 1993 முதல் வழியில்லை. கூப்பிடாமலே விட்டுவிட்ட கணவன்மாரை எந்தச் சட்டமும் எதுவும் செய்யவில்லை. அப்படி நரைத்துப்போன இரண்டு மூன்று பேரை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இன்றைய நடைமுறை என்ன? மனுவைக் கணவன்தான் அங்கே போட வேண்டும், பெண் இங்கே காத்திருக்க வேண்டும். கடந்த பன்னிரண்டு மாதச் சம்பளம் அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக் கூடாது. குடும்ப உதவித்தொகை கணக்கில் சேராது. வீட்டை வந்து அளப்பார்கள். பாரிஸ் போன்ற நெருக்கடியான இடங்களில் இருவருக்கு 22 சதுர மீட்டர், மற்ற இடங்களில் 24 அல்லது 28. தலைக்குத் தலை பத்து மீட்டர் கூடும். 22 சதுர மீட்டர் என்றால் சுமார் 237 சதுர அடி. நம் பழைய வீட்டு முற்றத்தை அளந்து பாருங்கள். ஆனால் பாரிசில் அந்த இடத்துக்கு வாடகை கொடுப்பவனைக் கேட்டால் சிரிக்கமாட்டான். பிரெஃபெக்த் ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதன்பிறகே விசா. பிரெஞ்சுக்காரரின் மனைவிக்கு இந்தச் சம்பளக் கணக்கும் வீட்டளவும் கிடையாது.

லா ஷப்பேலில் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துத் தமிழர்களுக்கு இன்னொரு வழி. அகதியாக ஏற்கப்பட்டவர், அடைக்கல மனுப்போடுமுன்பே மணமானவராக இருந்தால் மனைவியை வருமானம், வீடு எதுவும் காட்டாமல் வரவழைக்கலாம். அதற்குப் பிறகு மணந்திருந்தால் நான் மேலே சொன்ன வரிசையில்தான் நிற்க வேண்டும். கல்யாணத் தேதி ஒன்றே வழியை முடிவுசெய்கிறது.

ஆனால் சட்டத்தைவிட அதிகம் பேரை நிறுத்திவைத்தது எது என்று கேட்டால், நான் பெயர் என்பேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்துதான். பிரெஞ்சுக் காகிதத்தில் ‘நோம்’ என்று ஒரு கட்டம், ‘பிரேநோம்’ என்று ஒரு கட்டம். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் அன்றைக்கே ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லா போர்த்’ என்று வைத்துக்கொண்டது ஊரறிந்தது. மற்றவர்கள் பாடு திண்டாட்டம். முருகன் என்ற பெயரைப் பழைய மேரி பதிவேட்டில் பிரெஞ்சு உச்சரிப்புப்படி ‘ஓ’, ‘யூ’ என்று இரண்டெழுத்துப் போட்டு எழுதியிருப்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் ‘யூ’ மட்டும் இருக்கும். நமக்கு ஒரே முருகன், அங்கே இரண்டு ஆள். பிறப்பே பதிவாகாதவர்கள் நீதிமன்றத்தில் ‘ழுழ்மான் சுப்லெத்தீஃப்’ வாங்க வேண்டும், பதிவேட்டுக்குப் பதிலாக நிற்கும் தீர்ப்பு. ஒரு பெண்ணின் காகிதம் எட்டு மாதம் தேங்கியதற்குக் காரணம், அவளுடைய அப்பா பெயரில் ஒரு தாளில் ‘சாமி’, இன்னொரு தாளில் ‘சுவாமி’.

மொழிப் பரீட்சையும் ஒருகாலம் இருந்தது. 2007 நவம்பர் சட்டம், புறப்படும் முன்பே சொந்த ஊரில் பிரெஞ்சு அறிவைச் சோதிக்க வேண்டும் என்றது. 2016இல் அதை எடுத்துவிட்டு, அங்கே போனபிறகு பார்த்துக்கொள்கிறார்கள். இருந்தாலும் சுஃப்ரேன் வீதி அலியான்ஸ் பிரான்சேஸுக்கு மாலையில் போகும் பெண்களில் சிலர் கழுத்தில் புது மஞ்சள் கயிறு இருப்பதைப் பார்க்கிறேன். போன மாதம் அப்படி ஒரு பெண் வீடு தேடி வந்தாள். கணவனுக்குப் பத்து வருஷ கார்த், சம்பளம் சரி, வீடுதான் நாலு மீட்டர் குறைகிறதாம். “தாத்தா, பால்கனியையும் சேத்து அளப்பாங்களா?” என்று கேட்டாள். சேர்க்கமாட்டார்கள் என்றேன். வேறு வீடு பார்க்கச் சொல்லி அன்று இரவே பேசுவதாகச் சொல்லிவிட்டு, ஸ்கூட்டியில் வகுப்புக்குப் புறப்பட்டாள்.